சத்தத்தை நிறுத்திவிட்டுச் செய்தி பார்த்தவர்

அந்த வசனத்தை நான் எழுதியது முப்பத்தொன்பதாம் நம்பர் பஸ்ஸில், ஃபின்ச் வீதியில், ஒரு கையின் கையுறையை மட்டும் கழற்றிக்கொண்டு. எழுதி முடித்தபோது எனக்கே புல்லரித்தது. இப்போது நினைத்தால் வாயில் பழைய எண்ணெய் ருசி வருகிறது. ஆனாலும் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லாம் அதிலிருந்துதான் வந்தது.

"ஏழு மணிச் செய்தி தொடங்கியதும் அவளுடைய அப்பா தொலைக்காட்சியின் சத்தத்தை நிறுத்திவிடுவார், அரைமணி நேரம் அந்த வாய்கள் அசைவதைப் பார்த்துக்கொண்டு சூரியகாந்தி விதை கொறிப்பார்."

நல்ல வசனம்தான். அதுதான் அருவருப்பு.

"அவள்" என் சிநேகிதி. சீனாவிலிருந்து இளங்கலைப் படிப்புக்கே இங்கே வந்தவள். நாங்கள் இருவரும் ஒரே வருடம் முதுகலைக்குச் சேர்ந்தோம். முதலாம் வருடப் பிள்ளைகளின் விடைத்தாள்களைத் திருத்துவதற்கென்று பல்கலைக்கழகம் எங்களுக்கு ஜன்னல் இல்லாத ஓர் அறையைத் தந்திருந்தது. இரண்டு மேசை, ஒரு கேத்தில், யாரோ விட்டுப்போன குடை ஒன்று. நாங்கள் கதைத்தது ஆங்கிலத்தில். எனக்கு ஞாபகத்தில் நிற்பது என் தமிழில். ஆகவே இந்தப் பக்கங்களில் அவள் யாழ்ப்பாணத்துப் பெட்டை மாதிரிக் கதைத்தால் பிழை அவளுடையதல்ல.

அந்த அறையில்தான் அவள் எனக்குச் சீன இணையத்தைத் திறந்து காட்டினாள். நான் அப்படியே விழுந்துபோனேன். அங்கே கணக்கு முடக்கப்பட்டால் ஆட்கள் அழுவதில்லையாம். புதுப் பெயரில் திரும்பி வந்து, மறுபிறவி எடுத்துவிட்டேன் என்று அறிவிப்பார்களாம். பழைய சிநேகிதர்கள் வந்து வாழ்த்துச் சொல்வார்களாம்.

"எனக்கு இப்ப பதினெட்டாம் பிறவி," என்றாள் விடைத்தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.

"போன பிறவியில என்ன பாவம் செய்தனீ?"

"ஜூன் நாலு, மாணவரைச் சுட்ட நாளில ஒரு மெழுகுதிரிப் படம் போட்டன்."

வெளியுலகத்து இணையத்துக்கு வருவதற்குச் சுவர் ஏற வேண்டும்; அதற்கு உதவும் மென்பொருளை ஏணி என்பார்கள். தடைசெய்த படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் போடுவார்கள், இயந்திரத்துக்குக் கழுத்து வளையாது என்ற நம்பிக்கையில். எதையும் விமர்சிக்கக் கூடாது என்றால் "நல்லது நல்லது நல்லது" என்று ஒரு பக்கம் நிறைய எழுதுவார்கள். அதையும் அழிப்பார்கள். அழிப்பவனுக்கு, புகழ்ச்சியை ஏன் அழித்தேன் என்று மேலதிகாரிக்கு விளக்கம் சொல்ல வேண்டிவரும். நான் சிரித்துச் சிரித்துக் கேத்திலைத் தட்டிவிட்டேன்.

ஒவ்வொன்றையும் கொண்டுபோய் என் முகநூல் பக்கத்தில் தமிழில் எழுதினேன். பன்னிரண்டு வயதில் கனடாவுக்கு வந்தவள் இவ்வளவு தமிழ் எழுதுகிறாளே என்று ஆட்களுக்கு அதிசயம். எனக்கு அந்த அதிசயம் பிடித்திருந்தது. அவளுக்கும் தெரியும் நான் எழுதுகிறேன் என்று. "எங்கட பகிடிகளை உன்ர ஆக்களுக்கு விக்கிறாய்," என்பாள். பகிடிகள் என்றுதான் நினைத்திருந்தாள்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் செய்தது விளங்காது. ரொறன்ரோத் தமிழருக்குத் தமிழ் ஒரு மறைவிடம். பஸ்ஸில், வங்கி வரிசையில், டொக்டரின் அறையில், முன்னால் நிற்பவரைப் பற்றி அவர் முன்னாலேயே கதைப்போம். அம்மா இதில் வலு கெட்டிக்காரி. ஒருமுறை பஸ்ஸில், முக்காடு போட்ட ஒரு பெண் பெரிய பையோடு இரண்டு சீற்றைப் பிடித்துக்கொண்டு இருந்தார். அம்மா என்னிடம், "உவ வீட்டையே தூக்கிக்கொண்டு வந்திருக்கிறா போல," என்றா. அந்தப் பெண் திரும்பி, "இல்ல அன்ரி, மகன்ட ஹொக்கிச் சாமான் மட்டும்தான். வீடு பெரிசு, பையில கொள்ளாது," என்றார். புத்தளத்துக்காரராம். அம்மாவுக்கு முகம் செத்துப்போனது. பிறகு இருவரும் ஏழு தரிப்பிடத்துக்குக் கதைத்துக்கொண்டு வந்தார்கள்.

அந்தக் கதையை நான் நூறு பேருக்குச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அதிலிருந்து ஒன்றுமே படிக்கவில்லை.

அந்த வருடம் மாசி மாதத்தில் ஒரு பனிப்புயல். பஸ் நின்றுவிட்டது. ஃபின்ச் வீதியோரம் அவள் வாடகைக்கு இருந்த நிலக்கீழ் அறையில், தரையில் படுத்தேன். விடிய ஆறு மணிக்கு அவளுடைய கைபேசி அடித்தது. சனிக்கிழமை. அங்கே பின்னேரம் ஏழு மணி. வாராவாரம் வீட்டிலிருந்து வரும் அழைப்பு. அவளுடைய அம்மா திரையில் நெற்றியை மட்டும் காட்டிக்கொண்டு, என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். பின்னால் ஒரு சோபா, அதில் அப்பா. என்னைக் கண்டதும் கையை அசைத்தார். செய்தியின் ஆரம்ப இசை கேட்டது. அவர் றிமோட்டை எடுத்தார். இசை நின்றது. விதைப் பையைத் திறந்தார்.

அழைப்பு முடிந்ததும் கேட்டேன். "சின்ன வயசில இருந்தே அப்பிடித்தான்," என்றாள். "ஏன் எண்டு நாங்கள் கேக்கிறேல்லை. அவரும் சொல்லுறேல்லை. பக்கத்து வீட்டுக்காரருக்கு எங்கட வீட்டில செய்தி ஓடுறது ஜன்னலால தெரியும். அது காணும்."

நான் அந்தத் தரையில், போர்வைக்குள் இருந்தபடி, இதை எங்கே எழுதலாம் என்று யோசித்தேன்.

கார்த்திகை மாதக் கடைசியில், சீனாவில் ஒரு நகரத்தில், தொற்றைக் காட்டி ஆட்களைப் பூட்டிவைத்திருந்த காலத்தில், ஒரு மாடிக்கட்டிடத்தில் தீப்பிடித்து ஆட்கள் இறந்தார்கள். அங்கத்தைய மாணவர்கள் வெற்று வெள்ளைத் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எழுதினால் அழிப்பார்கள்; எழுதாததை எப்படி அழிப்பது? ரொறன்ரோவிலும் டவுன்ரவுனில் கூடப்போகிறார்கள் என்று செய்தி வந்தது.

"நீ வருவியா?" என்று கேட்டாள். "தனியப் போகப் பயமாக்கிடக்கு. நீ ஒண்டும் பிடிக்க வேண்டாம். பக்கத்தில நிண்டால் காணும்."

எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. ஆனால் நிபந்தனைகள் இருந்தன. படம் எடுக்கக் கூடாது. பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. கைபேசியை வீட்டில் வைத்துவிட்டு வர வேண்டும். அவள் என் தம்பியின் கறுப்பு ஜக்கெட்டை இரவல் வாங்கினாள், முகக்கவசம், கறுப்புக் கண்ணாடி, கம்பளித் தொப்பி. சப்பாத்தும் என்னுடையது. ஒரு சைஸ் பெரிது, உள்ளே இரண்டு சோடி காலுறை. "சப்பாத்தை வைச்சும் ஆளைப் பிடிப்பாங்கள்," என்றாள்.

எங்களுடைய ஆர்ப்பாட்டங்களுக்குப் போய் வளர்ந்தவள் நான். கொடி, பறை, மைக், கார் டிக்கியில் பசிக்கு றோல்ஸ் பெட்டி, நேரலை. வந்தவர் வந்ததைப் படம் பிடித்துப் போடாவிட்டால் வராத கணக்கு. அன்று டவுன்ரவுனில் நின்றவர்களோ ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கூப்பிடு தூரத்தில் நின்றவன் அவளுடைய வகுப்புத் தோழனாம். இருவரும் தெரியாத மாதிரி நின்றார்கள். யாரோ மெழுகுதிரி கொளுத்தினார்கள். யாரோ அழுதார்கள், கவசத்துக்குள். றோட்டுக்கு மறுபக்கம் ஒரு மனுசன் கைபேசியை உயர்த்திப் பிடித்தபடி நின்றான். ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு எல்லோரும் தாளை மடித்து ஜக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு வெவ்வேறு பக்கமாகக் கலைந்தார்கள். நாங்கள் ஒரு கடைக் கழிப்பறையில் ஜக்கெட்டை மாற்றிக்கொண்டு சுற்றிப்போய் ரயில் ஏறினோம்.

அந்த ஏற்பாட்டில் ஓர் ஓட்டையும் இருக்கவில்லை. அவளை அன்று யாரும் பிடிக்கவில்லை, படத்திலும் பிடிக்கவில்லை. அதை நான் திரும்பத் திரும்ப எனக்குச் சொல்லிக்கொள்வதுண்டு, புண்ணைக் கிண்டுவது போல.

அடுத்த நாள் பஸ்ஸில் எழுதினேன். படம் போடாதே என்றாள், போடவில்லை. பெயர் சொல்லாதே என்றாள், சொல்லவில்லை. "என்னோடு விடைத்தாள் திருத்துகிற தோழி" என்று தொடங்கி, இரவல் சப்பாத்து, மடித்த தாள், மூன்று வருடமாகத் தாயைக் காணாதது, வருகிற வசந்த விழாவுக்கு, அதுதான் சீனப் புத்தாண்டுக்கு, வீட்டுக்குப் போக அவள் எடுத்து வைத்திருக்கும் ரிக்கற், எல்லாம் எழுதினேன். கடைசியில் அந்த அப்பா. சத்தத்தை நிறுத்திவிட்டுச் செய்தி பார்க்கும் அப்பா. தமிழில்தானே என்று நினைத்தேன். தமிழில் எழுதுவது கதவைச் சாத்திக்கொண்டு கதைப்பது மாதிரி.

அது பிய்த்துக்கொண்டு போனது. ஆட்கள் பகிர்ந்தார்கள். அழுகிற முகம், கைகூப்பு. நான் இறங்க வேண்டிய தரிப்பிடத்தைத் தவறவிட்டேன். பின்னூட்டங்களில் சில இப்போதும் ஞாபகத்தில் நிற்கின்றன. "ஆமிக்கு ஆயுதம் குடுத்து எங்களை அழிக்க உதவினவங்களுக்கு நீ ஏன் அழுகிறாய்?" என்று ஒருவர். "இவை வௌவால் சூப் குடிச்ச ஆக்கள்தானே?" என்று ஒருவர். "பெட்டை வடிவோ சிஸ்? போட்டோ இல்லையோ?" என்று ஒருவர், சொந்தக் குழந்தையின் படத்தை முகப்பில் வைத்துக்கொண்டு. அவனுக்கும் நான் சிரிப்பு முகம் ஒன்று போட்டேன். எண்ணிக்கை குறையக் கூடாதே.

இரண்டாம் நாள் ஓர் அண்ணை அழைத்தார். தமிழ்ச் செய்தித் தளம் ஒன்றை நடத்துகிறவர். மரண அறிவித்தல், வீட்டு விற்பனை விளம்பரம், நடுவில் போராட்டம்.

"தங்கச்சி, பிச்சு உதறிப்போட்டீர். வாசிச்சிட்டு அழுதிட்டன், உண்மையா."

"தாங்ஸ் அண்ணை."

"எங்கட தளத்தில போடுவம். ஒண்டு மட்டும். அந்தத் தேப்பன் எந்த ஊர், என்ன வேலை? உது இல்லாட்டிச் சனம் கற்பனை எண்டும்."

"அது போட வேணுமோ அண்ணை?"

"எட பிள்ளை, தமிழில எழுதினதை எந்தச் சீனாக்காரன் வாசிக்கப் போறான்? எங்கட சனமே வாசிக்குதில்லை."

சிரித்தேன். ஊரைச் சொன்னேன். வேலையையும், வேலைசெய்யும் இடத்தையும் சொன்னேன். அவர் சொன்னபடி என் பக்கத்திலும் அவற்றைச் சேர்த்தேன். சேர்த்ததும் கட்டுரைக்கு ஒரு கனம் வந்த மாதிரி இருந்தது.

அவளிடம் கேட்கவில்லை. அன்று அறையில் நான் கைபேசியைப் பார்த்துப் பல்லிளித்துக்கொண்டு இருந்ததைக் கண்டு, "என்ன?" என்றாள்.

"உங்கட ஆக்களைப் பற்றி எழுதினது. சனத்துக்குப் பிடிச்சிருக்கு."

"பொதுவாத்தானே?"

"ஓம், பொதுவா."

மார்கழியில், நத்தார் விடுமுறைக்குக் கொஞ்ச நாள் முன்னால், ஒரு திங்கட்கிழமை, அவள் அறைக்கு வந்து கோட்டைக் கழற்றாமல் நின்றாள். தன் கைபேசியை என் மேசையில் வைத்தாள். என் பக்கம். என் கட்டுரை.

"வாசி," என்றாள்.

"ஆங்கிலத்திலயோ?"

"இல்லை. நீ எழுதின மாதிரி. எப்பிடிச் சத்தம் போடுது எண்டு கேக்க வேணும்."

வாசித்தேன். அந்த வசனம் வந்தபோது குரல் தானாகவே கொஞ்சம் தாழ்ந்தது, எழுதும்போது நினைத்திருந்த மாதிரியே. அந்த நடிப்பை அவளும் கவனித்திருப்பாள்.

"இப்ப கீழ இருக்கிறதை அமத்து."

மொழிபெயர்க்க, என்று சாம்பல் நிறத்தில் சின்னதாக ஒரு சொல் இருந்தது. தினமும் நான் மற்றவர்களுடைய பதிவுகளில் அமத்துகிற சொல். அமத்தினேன். ஓட்டை உடைசல் ஆங்கிலம் ஒன்று விரிந்தது. என் நடை போய்விட்டது, உவமைகள் கோணல்மாணலாகக் கிடந்தன. ஊர் இருந்தது. வேலை இருந்தது. அப்பா, சத்தம், செய்தி, விதை, வசந்த விழா, ரிக்கற். நான் அழகு என்று நினைத்ததெல்லாம் வழியில் சிந்தியிருந்தது. தகவல் மட்டும் ஒரு கீறல் இல்லாமல் போய்ச் சேர்ந்திருந்தது.

"இதைச் சீன மொழியில ஆரோ அங்க குடுத்திருக்கினம்," என்றாள். "அப்பாவை வேலையிடத்தில ஒரு அறைக்குக் கூப்பிட்டவை. ரெண்டு பேர். வலு மரியாதை. சுடுதண்ணி ஊத்திக் குடுத்தவையாம். பிறகு ஒரு கடுதாசியை எடுத்து வாசிச்சவை. நீ எழுதினது."

அவள் கைபேசியைத் திருப்பி எடுத்துக்கொண்டாள்.

"ஒரே ஒரு கேள்விதானாம். சத்தத்தை ஏன் நிறுத்துறீங்கள்?"

"என்ன சொன்னவர்?"

"காதுக்குள்ள குத்துது எண்டு."

"பிறகு?"

"கவலைப்பட்டவையாம். காது டொக்டரிட்டக் காட்டச் சொல்லி அவையே நாள் எடுத்துக் குடுத்தவை. டொக்டர் எழுதித் தாற துண்டைக் கொண்டுவந்து தரட்டாம்." கோட்டின் பொத்தானைத் திருகிக்கொண்டே சொன்னாள். "மகள் வசந்த விழாவுக்கு வாறாதானே, வந்தால் எங்களையும் ஒருக்கால் சந்திக்கச் சொல்லுங்கோ எண்டவையாம்."

யார் கொடுத்தது என்று இன்றுவரை தெரியாது. அந்தச் சாம்பல் நிறச் சொல்லில் விரலை வைக்கக்கூடிய யாராகவும் இருக்கலாம். தேசப்பற்றில் ஊறிய ஒரு மாணவனாக இருக்கலாம், சும்மா பொழுதுபோகாத ஒருவனாக இருக்கலாம். நான் எத்தனையோ பேரைக் கற்பனையில் நிறுத்திக் காறித் துப்பிப் பார்த்தேன். எல்லோருடைய கையிலும் இருந்தது நான் கொடுத்த தாள்தான்.

"சொறி" என்றேன். அவள், "முதலில அதை எடு," என்றாள்.

என் பக்கத்தில் எடுக்க ஒரு நொடி. அண்ணையின் தளத்தில் இருந்தது எடுபடவில்லை. தொலைபேசியில் பிடி கொடுக்காததால் நேரே போனேன். மாக்கம் வீதியில் ஒரு பலசரக்குக் கடைக்கு மேலே அவருடைய அலுவலகம். கருவாட்டு மணம் படியேறி வரும்.

"எடுத்தால் பயந்திட்டம் எண்டாகும் தங்கச்சி."

"பயந்துதான் அண்ணை இருக்கிறம். அந்த மனுசனைக் கூப்பிட்டு விசாரிச்சு, காது டொக்டரிட்டயும் போகச் சொல்லியிருக்கிறாங்கள்."

அவர் கதிரையை முன்னுக்கு இழுத்தார். கண்ணில் ஒரு வெளிச்சம். "விசாரிச்சவங்களோ? உண்மையாவோ? எட, அதையெல்லோ எழுத வேணும். பாகம் ரெண்டு. காது டொக்டர் கதையும் சேர்த்து. உலகத் தரம் பிள்ளை!"

எனக்கு எழும்பி அவருடைய மேசையைப் புரட்டலாம் போல் இருந்தது. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். அவர் "பாகம் ரெண்டு" என்ற அந்தக் கணத்தில், என் தலைக்குள் அதன் முதல் வசனம் வந்துவிட்டது. சுடுதண்ணிக் கோப்பையில் தொடங்கும் ஒரு வசனம். தயாராக, அரைப்புள்ளியோடு. அவரைவிட எனக்கு என்மேல்தான் அருவருப்பு வந்தது.

இரண்டு நாள் கெஞ்சியபின் எடுத்தார். எடுத்த இடத்தில் சிவப்பு எழுத்தில் ஓர் அறிவித்தல் போட்டார்: சீன அரசின் அழுத்தம் காரணமாக இக்கட்டுரை நீக்கப்படுகிறது. அதைக் கட்டுரையைவிட அதிகம் பேர் பகிர்ந்தார்கள். "தளராதே அண்ணா" என்று எழுதினார்கள். அந்தப் பின்னூட்டங்களுக்கிடையில் ஒருவர், உங்களுக்கு யார் அழுத்தம் தந்தது, ஆதாரம் என்ன என்று கேட்டார். அண்ணை அந்தப் பின்னூட்டத்தை அழித்து ஆளையும் தடைசெய்தார். இதைச் சிநேகிதிக்குச் சொன்னால் சிரிப்பாள் என்று நினைத்தேன். பிறகு, சொல்லுகிற நிலையில் நான் இல்லை என்பது ஞாபகம் வந்தது.

வீட்டில் அம்மாவுக்குச் சொன்னேன். ஆறுதல் சொல்லுவா என்று எதிர்பார்த்தேன் போல. அம்மா புட்டுக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்தா. கையை நிறுத்தவில்லை.

"அந்தப் பிள்ளை படுக்க இடம் தந்த வீட்டில கண்டதையோ எழுதினனீ?"

"நல்லாத்தான் அம்மா எழுதினனான். அவரை உயர்த்தித்தான்."

"உயர்த்தி! ஆமி வந்து பக்கத்து வீட்டில ஆர் இருக்கினம் எண்டு கேக்கேக்க, பேர் தெரியாது எண்டு சொன்னனாங்கள். இருவது வருசம் வேலிக்கு மேலால கறி குடுத்து வாங்கினாக்கள். பேர் தெரியாது எண்டம். நீ இங்க இருந்துகொண்டு, கேக்காதவனுக்கு விலாசம் குடுத்திருக்கிறாய்."

பிறகு, "உப்புக் காணுமோ பார்," என்று ஒரு துளி மாவை நீட்டினா. "காணும்," என்றேன், வாயில் வைக்காமலே.

நான் பொதுவில் மன்னிப்புக் கேட்டு ஒரு பதிவு எழுதினேன். போடுமுன் அவளுக்குக் காட்டினேன்; அவ்வளவு புத்தி அதற்குள் வந்திருந்தது. மொழிபெயர்ப்பில் வாசித்துவிட்டு, "இதிலயும் நீதான் முன்னுக்கு நிக்கிறாய்," என்றாள். "நான் சும்மா அழுகிற ஆள் மாதிரிப் பின்னால நிக்கிறன். தயவுசெய்து ஒண்டும் எழுதாதை." எழுதாமல் இருந்தேன். எழுதி எழுதியே மூச்சுவிட்டுப் பழகியவளுக்கு அந்தக் கிழமைகள் எப்படிப் போயின என்று விவரிக்க இப்போதும் கை துடிக்கிறது. விட்டுவிடுகிறேன்.

எஞ்சியிருந்தது ரிக்கற். தை மாதம் பதினைந்து நாள் வீட்டில் நிற்க. இறங்கியதும் தொற்றைக் காட்டி ஒரு ஹோட்டல் அறையில் பூட்டிவைத்தாலும் பரவாயில்லை என்று எடுத்தது. அவள் போவதா இல்லையா என்பது அந்த அறையில் எங்கள் இரண்டு மேசைக்கும் நடுவில் மூன்றாவது ஆள் மாதிரி இருந்தது. போனால் அவர்களைச் சந்திக்க வேண்டும். சந்தித்தால் கடவுச்சீட்டைத் தருவார்களோ, திரும்பி வர விடுவார்களோ தெரியாது. போகாவிட்டால் இன்னும் எத்தனை வருடம்? அவளுடைய அம்மா திரையில் நெற்றியைத்தான் காட்டுவார் என்று சொன்னேனே. அந்த நெற்றி மூன்று வருடத்தில் எப்படி மாறியது என்று அவளுக்கு மயிருக்கு மயிர் தெரியும்.

அடுத்த சனிக்கிழமை அவளுடைய அம்மா சொன்னாராம்: இந்த முறை வராதே, வீட்டுச் சூடாக்கி பழுது, குளிரில் நீ கஷ்டப்படுவாய்.

"அங்க சூடு ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியா இல்லை," என்று அவள் எனக்கு விளக்கினாள், பாடம் நடத்துகிற குரலில். "முழுக் கட்டிடத்துக்கும் ஒரே குழாய். எங்கட வீட்டுக்கு மட்டும் பழுதாகாது."

அவளுக்கு விளங்கியதும் கேட்டுக்கொண்டிருந்திருக்கக்கூடிய யாரும் பிழை பிடிக்க முடியாததுமான ஒரு வசனம். அந்த அம்மாவுக்கு எழுதத் தெரிந்திருக்கிறது.

அன்றைக்கே ரிக்கற்றை ரத்துச் செய்தாள், எனக்கு எதிர்மேசையில் இருந்து. கணினி மூன்று தரம் கேட்டது, நிச்சயமாகவா, நிச்சயமாகவா என்று. மூன்றாம் தரம் அமத்திவிட்டுத் திரும்பி, "இதுக்கும் ஒண்டு எழுதுவியோ?" என்றாள். பகிடி மாதிரிச் சொன்னாள். நான் கேத்திலில் தண்ணீர் வைக்க எழும்பினேன். அது ஏற்கனவே நிறைந்திருந்தது.

அப்படியானால் இதை ஏன் எழுதுகிறேன்? இது நடந்து காலம் போய்விட்டது. இருவரும் பட்டம் முடித்துவிட்டோம். அவள் இங்கேயே வேலை செய்கிறாள். சிநேகிதி என்று இன்னும் சொல்கிறேன். அவளும் அப்படிச் சொல்வாளா என்று கேட்டுப் பார்க்கவில்லை. இந்தப் பக்கங்களை எழுதி, அச்செடுத்து, அவளிடம் கொண்டுபோனேன். கைபேசியை ஒவ்வொரு தாளுக்கும் மேலே பிடித்து மொழிபெயர்ப்பில் வாசித்தாள். விடைத்தாள் திருத்திய அதே சிவப்புப் பேனையால் வெட்டினாள். ஊர் போனது. வேலை போனது. அவளுடைய அம்மாவின் கைப்பக்குவம் பற்றிய ஒரு முழுப் பந்தி போனது, எனக்கு அதுதான் மிகவும் பிடித்திருந்தது. மாற்றச் சொன்னவற்றை மாற்றியிருக்கிறேன், எவை என்று சொல்லமாட்டேன்.

அந்த வசனத்தையும் வெட்டுவாள் என்று நினைத்தேன். வெட்டவில்லை.

"அது அவங்கட கோப்பில இருக்கு. உன்ர ஆக்களுக்கு மட்டும் ஏன் ஒளிக்கிறாய்?"

கடைசியில் ஒன்றைச் சேர்க்கச் சொன்னாள். அதற்காக ஒரு சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வரச் சொன்னாள். கோடைகாலத்தில் அங்குக்கும் இங்குக்கும் பன்னிரண்டு மணித்தியால வித்தியாசம். போனேன். என்னைக் கமெராவில் விழாமல் சுவரோரமாக இருத்தினாள். அழைப்பு வந்தது. நெற்றி. சாப்பிட்டாயா. பின்னால் செய்தியின் ஆரம்ப இசை. நான் அந்த றிமோட்டுக்காகக் காத்திருந்தேன்.

இசை நிற்கவில்லை. செய்தி வாசிப்பவரின் குரல் வந்தது, தெளிவாக, அறை நிறைய. காது டொக்டர் காதில் ஒரு பிழையும் இல்லை என்று துண்டு கொடுத்துவிட்டாராம். பிழை இல்லாத காதுக்குச் சத்தத்தை நிறுத்த என்ன காரணம்? அன்றிலிருந்து முழு அரைமணி நேரமும் ஓடுகிறதாம். அம்மா அதற்கு மேலால் கத்திக் கத்திக் கதைத்தார். இவளும் கத்தினாள். என்ன சாப்பிட்டாய் என்பதை இரண்டு பேரும் மூன்று தரம் கேட்டுக்கொண்டார்கள்.

அழைப்பு முடிந்ததும் கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

"இதைப் போடு," என்றாள். "இப்ப சத்தமாத்தான் கேக்கிறார் எண்டு போடு. இதையும் அவங்கள் வாசிக்கட்டும்."